லிஃப்ட்காரர் கொல்லையில் வெயில்

நாளெல்லாம் மேலே போய்வந்தும் வாழ்க்கையில் ஒரு படிகூட ஏறாதவர் லிஃப்ட்காரர். அரசாங்க அலுவலகம் ஒன்றில், ஜன்னலில்லாத பெட்டிக்குள் பத்தொன்பது வருடம். வீடும் அதற்குத் தோதாக அமைந்தது. பக்கத்துக் கிடங்கின் நாலு மாடிச் சுவர் கொல்லைக்குச் சூரியனைக் காட்டியதே இல்லை. போதாததற்கு அந்தச் சுவரில் ஒரு குழாய் ஓயாமல் கசியும்.

வேறொருவர் வழக்குப் போட்டிருப்பார். இவர் பூச்செடி வைத்தார். நிழலும் ஈரமும் கேட்கிற பீஸ் லில்லி, பிகோனியா, இஞ்சி லில்லி. ஒருமுறை நட்டால் வருடா வருடம் தானாகப் பூக்கிற ரகம். பதவி உயர்வு கேட்காத ரகம் என்றும் சொல்லலாம்.

மனைவிக்குத்தான் தீராத குறை. "இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஈரநாத்தத்தைத்தான் உடுத்திக்கிட்டிருக்கேன்!"

ஒருநாள் கிடங்கை இடிக்க ஆட்கள் வந்தார்கள். லிஃப்ட்காரர் மேஸ்திரியிடம் ஓடினார்.

"இந்தப் பக்கச் சுவரை மட்டும் விட்டுடுங்களேன்."

"வெளிச்சத்தை மறைக்கிறீங்கன்னு சண்டைக்கு வர்றவங்களைப் பாத்திருக்கேன். இருட்டு வேணும்னு கெஞ்சுற மொத ஆள் நீங்கதாண்ணே."

அந்த வாரமே குழாயோடு சுவர் போனது, சூரியன் குடிவந்தது. தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. பீஸ் லில்லி இலைகள் கருகிச் சுருண்டன. காலையில் குடம் குடமாக ஊற்றுவார்; உச்சிவெயிலில் அவர் பெட்டிக்குள் இருப்பார். பிகோனியா போயே போய்விட்டது. யாரிடம் முறையிடுவது? சூரியனுக்கு மேலதிகாரி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பாத்திக்கு மேலே கொடி கட்டி ஈரப் போர்வைகளை விரித்தாள். கீழே நிழல். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சுவரே திரும்பி வந்ததுபோல லிஃப்ட்காரருக்கு நெஞ்சு நிறைந்தது.

அரைமணியில் போர்வைகள் மொடமொடவென்று காய்ந்துவிட்டன. அவள் உள்ளே போன சமயம் பார்த்து, வாளித் தண்ணீரில் முக்கி மறுபடி போட்டார்.

"இன்னுமா காயல?" என்று வந்தவள், நனைந்த அவர் சட்டைக் கையைப் பார்த்தாள். திட்டவில்லை.

"சரிங்க, இன்னிக்கு நனைச்சுட்டீங்க. நாளைக்கு லிஃப்டுக்குள்ள நிப்பீங்களே, அப்போ?"

அவள் கொடியின் மறுகோடியிலிருந்து ஒரு தலையணை உறையை உருவி முகத்தில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவர் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருங்களேன். வெயில் வாசனை! நம்ம துணியில!"

"நல்லாத்தான் இருக்கு," என்றார், பாத்திப் பக்கம் திரும்பாமல்.