நான் அள்ளாமல் விட்ட புல்

என் பெயர் பச்சையம்மாள். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் இருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. எட்டாவது வரைதான் படித்தேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதித் தருகிறாள். மேல்மலையனூர் அங்காளம்மனை நம்புகிற உங்களிடம் என் நல்லதை மட்டும் சொல்லிக் கெட்டதை மறைத்தால், அது அவளுக்குச் சொல்லும் சாட்சி ஆகாது. அதனால் கெட்டதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் அமாவாசை தவறாமல் மலையனூர் போய், ஒரு பெண் தாழ்ந்துபோக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அந்தப் பெண் வேறு யாரும் இல்லை. என் ஓரகத்தி ரேவதி. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

எங்கள் ஊருக்கு வெளியே, பாறைக் குன்றுகளுக்கு நடுவில் நிறைய நிலம் தரிசாகக் கிடந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் அதை வாங்கித் தார் ரோடு போட்டார். அது எந்த ஊருக்கும் போகாத ரோடு. வளைந்து வளைந்து போய், கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். எல்லாரும் அதை டிராக் என்போம். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் ஆட்கள் சொந்தக் காரோடு வருவார்கள். ஊர் ரோட்டில் ஓட்ட முடியாத வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். பந்தயம் எதுவும் இல்லை, ஆசைதான். அதற்கு டிராக் டே என்று பெயர்.

அங்கே எனக்குப் புல் அறுக்கும் வேலை. ரோட்டின் இரண்டு பக்கமும் மழைக்குப் புல் மண்டிவிடும். தை கழிந்தால் காய்ந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும். வளைவில் கை தவறினால் கார் நேராக அந்தப் புல்லுக்குள்தான் போகும். முதல் நாளே சூப்பர்வைசர் பாஸ்கர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"நாலு ரவுண்டு வேகமா ஓட்டினாலே வண்டிக்கு அடியில சைலன்சர் பக்கம் அடுப்பு மாதிரி கொதிக்கும். அது காஞ்ச புல்லு மேல போய் நின்னா உடனே புடிச்சிக்கும். அறுக்கிறது பாதி வேலைதாம்மா. அறுத்ததை அள்ளி வெளிய கொட்டினாத்தான் முழு வேலை."

ஒரு வருடம் நான் அந்த வேலையைச் சரியாகத்தான் செய்தேன். அப்புறம் ரேவதி வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று நான்தான் சொல்லி அவளையும் சேர்த்துவிட்டேன். என்னோடு அரிவாள் பிடித்தாள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் பி.காம். படித்தவள் என்று தெரிந்ததும் கொடி காட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆரஞ்சு நிறக் கோட்டு, கையில் வாக்கி டாக்கி, ஐந்தாம் வளைவில் குடைக்குக் கீழே ஒரு நாற்காலி. கார் தடுமாறினால் மஞ்சள் கொடி. எல்லாரும் நிற்கவேண்டும் என்றால் சிவப்புக் கொடி. அவள் கையைத் தூக்கினால் அவ்வளவு பெரிய கார்கள் அடங்கி நிற்கும்.

நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள். அவள் நிழலில் உட்கார்ந்தாள். நான் அவள் காலடியில் வெயிலில் புல் அறுத்தேன்.

கார்க்காரர்கள் அவளை மேடம் என்பார்கள். அதே வாய் என்னைப் பார்த்து, "இந்தாம்மா, கொஞ்சம் தள்ளு" என்னும். அவள் கொடியோடு நிற்கும் போட்டோ எப்படியோ ஊர் முழுக்கப் போன்களில் சுற்றியது. என் வீட்டுக்காரரே, "ரேவதியைப் பாத்தியா, போலீசாட்டம் கீது" என்று என்னிடம் காட்டினார். அவள் அந்தக் கோட்டைத் துவைத்துக் காயப்போடுவது எனக்குக் காட்டத்தான் என்று தோன்றும். சுவருக்கு மேல் அவள் நீட்டும் குழம்பை வாங்கி நாய்க்கு ஊற்றினேன். ஒருநாள் என் மகள், "பெரிசானதும் சித்தி மாதிரி ஆவணும்மா" என்றாள். பெற்ற மகளையும் அவள் எடுத்துக்கொண்டாள் என்று பாத்ரூமில் போய் அழுதேன்.

அழுதுகொண்டே அம்மனிடம் போனேன். ஸ்பெஷல் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய், எலுமிச்சம்பழ மாலை சாத்தி, கர்ப்பூரம் ஏற்றி, "தாயே, அவ அந்த நாற்காலிய வுட்டு எறங்கணும்" என்று கேட்டேன். ஒவ்வொரு அமாவாசையும் இதையேதான் கேட்டேன்.

போன பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் டிராக் டே. ஐந்தாம் வளைவில் புல்லை அறுத்து முடித்தேன். வாரி எடுத்து டிராக்டரில் ஏற்றவேண்டும். நிமிர்ந்தால் எதிரில் அவள் நாற்காலியும் குடையும். இவள் இடத்தை நான் எதற்குத் துப்புரவு செய்ய வேண்டும்? காலையில் கொடிக்காரர்கள்தான் தங்கள் இடத்தைப் பார்த்துச் சரியில்லை என்றால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சூப்பர்வைசர் அவளைத் திட்டட்டும். நன்றாக நாலு பேருக்கு முன்னால் திட்டட்டும். அறுத்த புல்லை அப்படியே குவியல் குவியலாக விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். தீப்பிடிக்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் திட்டு வாங்குவது மட்டும்தான் கண்ணில் நின்றது.

சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மலைப்பக்கமிருந்து அனல்காற்று. நான் கொஞ்சம் தள்ளி, நான்காம் வளைவுக்கு வெளியே வேலிப்பக்கம் புல் வாரிக்கொண்டிருந்தேன். ஒரு நீலக் கார் வேகமாக வந்தது. ஐந்தாம் வளைவில் திரும்ப முடியாமல் மண்ணில் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, புல்லுக்குள் போய் நின்றது. நான் அள்ளாமல் விட்ட குவியல் மேலேயே நின்றது.

ரேவதி மஞ்சள் கொடி காட்டினாள். காரை நகர்த்தச் சொல்லிக் கையை ஆட்டினாள். ஓட்டினவர் பதற்றத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வண்டிக்கு அடியிலிருந்து ஊதுவத்திப் புகை மாதிரி மெல்லிசாக ஒன்று கிளம்பியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்கப் புகை தடித்தது. அடியில் மஞ்சளாக நாக்கு நீட்டியது.

சிவப்புக் கொடி ஏறியது. வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டே ரேவதி தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உள்ளே இருந்தவர் கனத்த உடம்புக்காரர். இரண்டு தோளிலும் மாட்டும் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் தவித்தார். அவள் கொஞ்சம் பவுடரை அடித்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே கையை விட்டாள். அப்போது காற்று அடித்தது. புகை அப்படியே சாய்ந்து மூடியது. காரும் தெரியவில்லை. ஆரஞ்சுக் கோட்டும் தெரியவில்லை.

காலியாக அந்த நாற்காலி மட்டும் தெரிந்தது.

நாற்காலியை விட்டு இறங்கணும் என்றுதானே கேட்டாய், இறங்கிவிட்டாள், போதுமா என்று யாரோ என் காதில் சொன்ன மாதிரி இருந்தது. மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "தாயே, நான் கேட்டதெல்லாம் மறந்துடு. அத்தனையும் மறந்துடு. அவளைக் குடு. அவளைக் குடுத்துடு தாயே" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்டது.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கோணிப்பையில் ஊற்றி, அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். புகைக்குள் போனதும் கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. "ரேவதி! ரேவதி!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. எந்தப் பக்கம் கார், எந்தப் பக்கம் தீ என்றே புரியவில்லை. இன்னும் நாலு அடி தவறாக வைத்திருந்தால் நானே தீயில் போயிருப்பேன்.

அப்போது காற்று நின்றது.

நம்புகிறவர்கள் நம்புங்கள். காலையிலிருந்து ஓயாமல் அடித்த காற்று, விசிறியை நிறுத்தின மாதிரி நின்றது. புகை நேராக மேலே எழும்பியது. பத்தடி தூரத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. ரேவதி அந்த மனிதரை வெளியே இழுத்துவிட்டிருந்தாள். ஆனால் அவர் மயங்கி அவள் கால் மேலேயே விழுந்திருந்தார். அவளால் எழ முடியவில்லை. இருமிக்கொண்டு, ஒரு கையால் அவர் தலைப்பக்கம் வரும் நெருப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கோணியை அவர் மேல் போட்டேன். ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தார் ரோடு வரை இழுத்தோம். கால் தாரில் பட்டதும் மறுபடி காற்று அடித்தது. திரும்பிப் பார்த்தால் காரின் முன்பக்கம் தீயில் இருந்தது.

அந்தத் தீ நாற்காலியை எரித்துவிட்டுப் பின்பக்கம் ஓடியது. அந்தப் பக்கம் வேலியைத் தாண்டினால் வேர்க்கடலை போட்டிருக்கும் மல்லாட்டைக் கொல்லை. அதை ஒட்டி நாலைந்து வீடு. ஆனால் வேலிக்குப் போகுமுன் ஓர் இடத்தில் தீ தயங்கி நின்றது. நெடுக ஒரு பட்டை ஈரமாக இருந்தது. அதற்குள் தண்ணீர் டேங்கர் வந்துவிட்டது. ஏழுமலை என்று ஒரு அண்ணன் அதை ஓட்டுகிறார். மிச்சத்தை அவர் அணைத்தார்.

"இங்க யாருண்ணே தண்ணி அடிச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான். வெடியக்காத்தால ரேவதி சொல்லிச்சு. அறுத்த புல்லு கெடக்குதுண்ணே, முடிஞ்சதை நான் வாரிட்டேன், ரோட்டோரம் அடிச்சா வண்டி வழுக்கும், பின்னாடி மட்டும் ஒரு ட்ரிப்பு அடிச்சு வுடுன்னுச்சு. அக்காவுக்கு முட்டி வலி போல, அதான் அள்ள முடியல, யாருக்கும் சொல்லாதன்னுச்சு."

என் முட்டியில் எந்த வலியும் இல்லை.

நான் வாயைத் திறந்து கேட்பதற்கு ஐந்து மணி நேரம் முன்பே தாய் எங்களைக் காப்பாற்றத் தொடங்கியிருக்கிறாள். அதுவும் யார் கையால்!

என் சோதனை அத்தோடு முடியவில்லை. ஓட்டினவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சூப்பர்வைசர் ரேவதியிடம்தான் வந்தார். அவள் இடது கை முழங்கை வரை சிவந்து கொப்பளித்திருந்தது. "முன்பக்கம் இவ்ளோ புல்லு கெடந்திருக்குது. காலையில ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அந்த வளைவை அள்ளிட்டு அப்புறம் வண்டிய வுட்டிருப்பனே. இதுக்கு மேல உன்ன அங்க நிக்க வைக்க முடியாது" என்றார்.

ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் நான் கேட்டது அப்போது என் கைக்கு வந்து நின்றது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் ஒரு நொடி என் மனசு இனித்தது. அந்த இனிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மனசுக்குள் அம்மா என்றேன். வாய் தானாகத் திறந்தது.

"சார், நான்தான் அள்ளல. முடியாம இல்ல. இவ திட்டு வாங்கணும்னு வேணும்னே வுட்டுட்டுப் போனேன்."

அன்றைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நியாயம்தான். ரேவதி சொல்லாமல் விட்டதும் தப்புதான் என்று அவளைக் கண்டித்தார்கள், ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. செஞ்சி ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏங்க்கா? நான் உங்களுக்கு இன்னா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. நீ நல்லா இருந்த. எனக்குத் தாங்கல."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்துப் பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. அவள் கை வேலை செய்யாத அந்த நாட்களில் அவள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தேன், துவைத்தேன். அந்த ஆரஞ்சுக் கோட்டையும் துவைத்தேன். முதல் நாள் கை கூசியது. அப்புறம் கூசவில்லை.

அடுத்த அமாவாசைக்கு அவளே கிளம்பி வந்து, "வாங்க, போலாம்" என்றாள். மலையனூரில் பிரசாதமாகத் தரும் புற்று மண்ணை வாங்கி அவள் நெற்றியில் நானே வைத்தேன். அழுகை வந்துவிட்டது. அவளுக்காக அவள் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டதைத் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன்.

ரேவதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்காவ வேண்டிக்க வாணாங்க்கா. புல்ல மட்டும் அள்ளிடுங்க" என்றாள். அப்புறம் அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் கழித்து அவள் சொல்லித்தான் என்னை மறுபடி வேலைக்குச் சேர்த்தார்கள். இப்போது அறுத்த புல் அன்றைக்கே வெளியே போய்விடுகிறது. கார் ஓடும் முன் எல்லா வளைவையும் நடந்து பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்கிறேன், வெட்கப்படாமல்.

பொறாமை அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். போன வாரம்கூட வந்தது. அவளுக்குப் புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள். வந்தால் உடனே தாயிடம் சொல்லிவிடுகிறேன். "இதோ பாரு, மறுபடியும் வந்துடுச்சு, நீ எடுத்துக்கோ" என்கிறேன். அவள் எடுத்துக்கொள்கிறாள்.

உங்களில் யாருக்காவது யாரைப் பார்த்தாவது இப்படி வயிறு எரிந்தால், அதை மறைக்காமல் அம்மன் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். கூடவே அந்த ஆள் பேரைச் சொல்லி, நல்லா இருக்கட்டும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முதல் தடவை நாக்கு எழாது. எழாவிட்டாலும் கேளுங்கள். நான் கெட்டது கேட்ட இரண்டு வருடமும் வாய் திறக்காமல் பொறுத்திருந்தவள், நல்லது கேட்ட நொடியில் காற்றை நிறுத்தினாள்.