ரேவதிக்கு எழாத தேங்காய்

போர்வெல் போடும் லாரி ஓடும்போது கிளம்புகிற கல்மாவுக்கு ஒரு வாசனை உண்டு. அது மூக்கில் ஏறி, நாக்கில் கரகரத்து, பக்கத்தில் நிற்பவர்களின் தலையையெல்லாம் நரைத்த தலையாக்கிவிட்டுத்தான் அடங்கும். துளையில் தண்ணீர் தட்டுப்பட்டால் அந்த மாவு சேறாக மாறி வழியும். தட்டுப்படாவிட்டால் எத்தனை அடி போனாலும் வெள்ளையாகப் பறந்துகொண்டே இருக்கும். அப்படிப் பறந்தால் எங்கள் பக்கத்தில் "வெறும் பொகை" என்று சொல்லி எல்லோரும் தலைத்துண்டை உதறிக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அந்த வார்த்தையை நான் ஒரு பெண்ணின் மேல் ஒட்டவைத்தேன் என்பதால், இன்றும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு முகம் கொடுத்து நிற்க முடிவதில்லை.

திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற வழியில் எங்கள் தோட்டம். என் அப்பா விவசாயத்தோடு தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்துச் சொல்வார். குடுமி உள்ள தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு விவசாயக் காட்டில் மெதுவாக நடப்பார். அடியில் ஊற்று இருக்கிற இடம் வந்ததும் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது அவருடைய நம்பிக்கை, கூப்பிட்டவர்களுக்கும் அதே நம்பிக்கை. அதற்குக் கூலி வாங்கமாட்டார், பார்க்கிற அன்று செருப்புப் போடமாட்டார். "கைய நாம ஆட்டக்கூடாது, அதுவா எந்திரிக்கோணும்" என்பார். எழாத இடத்தில் எழவில்லை என்றே சொல்லிவிட்டு வந்துவிடுவார், அதனால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேபிளில் ஒரு மாயாஜாலத் தொடர் ஓடியது. ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொடர், நம் ஆட்கள் குரல் கொடுத்துத் தமிழாக்கியிருந்தார்கள். அந்த உலகத்தில் "நான்" என்று நினைக்கத் தெரிந்த ஒவ்வோர் உயிரின் தலைக்குள்ளும் நீலநிறத்தில் ஒரு திரவம் ஊறிக்கொண்டிருக்கும். அதற்கு "அகநீர்" என்று பெயர். கெட்ட ராணி அதை உறிஞ்சியெடுத்துவிட்டால் அந்த ஆள் நடப்பான், தின்பான், சிரிக்கவும் செய்வான், ஆனால் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களோடு பேசினால் நம்முடைய அகநீரும் வற்றிவிடும் என்பது அந்தக் கதையின் சட்டம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

பூமிக்கு அடியில் இருக்கிற ஊற்றைத் தேங்காய் காட்டும் என்றால் தலைக்குள் இருக்கிற ஊற்றையும் காட்டத்தானே வேண்டும்? வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த யோசனை வந்திருக்காது. எங்களுக்கு வந்தது, அதுவும் நீரோட்டம் பார்க்கிறவர் மகளான எனக்குத்தான் வந்தது. மோட்டார் ரூமுக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியடியில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, அப்பாவைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு தலைக்கு மேலும் தேங்காயை நீட்டினேன். முதல் தலைக்கு அது அசையவில்லை. எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. கட்டைவிரலின் அடிமேட்டால் லேசாக நெம்பினேன், எழுந்து நின்றது. "இருக்குது" என்றேன், எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் நெம்புவது பழகிவிட்டது.

கடைசியாக உட்கார்ந்திருந்தவள் அடுத்த வீட்டு ரேவதி. என் வகுப்புதான். அப்பன் போர் போடும் ரிக் லாரியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் திரும்பாதவர், அம்மா தறிக்குப் போவாள். அதிகம் பேசாத பெண், ஆனால் எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பாள். அவள் முறை வந்து நான் கையை நீட்டியபோது நிமிர்ந்து பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் எனக்கு மட்டும் கேட்கும்படி, "பெருவெரல்ல தள்ற" என்றாள். அதில் கேலிகூட இல்லை, கண்டதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

எனக்குக் காது சூடானது. கையை அப்படியே வைத்துக்கொண்டேன். விரலை அசைக்கவில்லை. தேங்காய் படுத்தே கிடந்தது. அன்றைக்கு நான் ஒழுங்காகக் கையை வைத்திருந்தது அவள் ஒருத்திக்குத்தான். "இவளுக்கு அகநீர் இல்ல, வெறும் பொகை" என்று சத்தமாகச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுந்து தள்ளிப் போனார்கள்.

விளையாட்டு ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. "பொகை" என்பது அவள் பேராகிவிட்டது. அவள் எதைக் கேட்டாலும் யாரும் பதில் சொல்லவில்லை. பேசினால் தங்களுக்கும் வற்றிவிடுமே. வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். நிறுத்துங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் நின்றிருக்கும். சொன்னால் என் கட்டைவிரல் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் ரேவதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் ஒரு தேங்காயைப் பிடித்திருந்தாள், குடுமியோடு. அப்பா களத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை ஜன்னலுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

"மாமா, எனக்குப் பாத்துச் சொல்லுங்க."

"உங்க காட்டுக்கா சாமி? அப்பன் வரட்டும், பாக்கலாம்."

"காட்டுக்கு இல்லீங்க. எனக்கு. எந்தலைக்கு."

அப்பாவுக்கு எங்கள் விளையாட்டு எதுவும் தெரியாது. "மனுசருக்கெல்லாம் பாக்கறதில்ல சாமி" என்று சிரித்தார். அவள் நகரவில்லை. சரி, பிள்ளை ஆசைப்படுகிறது என்று எழுந்து கையைத் துடைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் தலைக்கு மேல் தேங்காயை வைத்தார். விளையாட்டுக்குக்கூட அவருக்குக் கையை ஆட்ட வராது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தேங்காய் அசையவில்லை. "பாத்தியா, ஒண்ணும் இல்ல" என்று சிரித்தபடியே கன்னத்தைத் தட்டி, தேங்காயைத் திருப்பிக் கொடுத்தார். அவள் "செரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு, வந்தமாதிரியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

ஜன்னல் கம்பியை நான் எவ்வளவு இறுகப் பிடித்திருந்தேன் என்பது இன்னும் கையில் இருக்கிறது. வாயை மட்டும் திறக்கவில்லை. பள்ளி திறக்கும்போது ரேவதி ஆத்தூரில் அவள் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளாகவே கேட்டுப் போனாள் என்று அவள் அம்மா சொன்னாள்.

போன மாதம் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் உயரத்துக்கு ஒரு மகள். என்னை வாங்க போங்க என்றுதான் பேசினாள், நான்தான் பழைய நினைப்பில் நீ என்றேன். மகள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனதும், இத்தனை வருடம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "ரேவதி, அன்னைக்கு எல்லாருக்கும் நான்தான் வெரல்ல தள்ளுனேன். உனக்கு வேணும்னே தள்ளாம உட்டுட்டேன். அது தப்பு."

"தெரியுங்க, அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னனே" என்றாள். ஆத்தூர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். அப்புறம், "உங்கப்பா தள்ளலீங்களே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் எல்லோரும் சொல்வதுபோல, அவர் கை பொய் சொல்லாது, தன் தலைக்கு எழாதது எழாததுதான் என்பதுபோலச் சொன்னாள். மகள் வந்ததும் என்னை அத்தை என்று அறிமுகப்படுத்திவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அந்தத் தொடரின் பெயர்கூட இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. போனில் எத்தனை விதமாகத் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. தொட்டியை இடித்தாயிற்று. தண்ணீர் பார்க்க மெஷின் கொண்டுவருகிறார்கள். அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. அன்று ஜன்னலிலிருந்து நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்பா ரேவதியை அங்கேயே நிறுத்தி, அதே தேங்காயைத் தன் தலைக்கு மேலேயே வைத்துக் காட்டி, "எனக்கும் எந்திரிக்காது சாமி, யாரு தலைக்கும் எந்திரிக்காது" என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னால் அவள் நம்பியிருப்பாள். நான் சொன்னால் நம்புவதற்கு அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.