இருபத்தொன்பதாம் எண் சிவப்புச் சட்டை

திங்கட்கிழமை காலையில் கோச் டெலூக்கா வெர்னல் பூத்தின் தோளில் கைவைத்து, "இந்த ஞாயித்துக்கிழமை நீதான்டா. தயாரா இரு" என்றார். செவ்வாய்க்கிழமை மதியம் ஜக்வான் சில்ஸ் வந்து சேர்ந்தான்.

இடையில் ஒரு நாளும் கொஞ்சமும்தான் இருந்தது. தன் கணவன் யார்மீதும் பொறாமைப்படாமல் சாப்பிட்டு எழுந்த ஒரே இரவு அந்தத் திங்கட்கிழமை இரவு என்று ரெனீட்டா பிற்பாடு சொன்னாள்.

வெர்னலுக்கு வயது முப்பத்தொன்று. டொலீடோவிலேயே பிறந்தவன், ஆற்றுக்குக் கிழக்கே. அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. சிறு வயதில் அவனுக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும்: யாரையும் அப்படியே நடித்துக் காட்டுவான். தேவாலயத்துப் பாதிரியார் படியேறும்போது முழங்காலைத் தடவிக்கொள்வதை அவன் செய்து காட்டினால், திட்ட வந்த அம்மாவும் சிரித்துவிடுவாள். சின்னக் கல்லூரி ஒன்றில் ஃபுட்பால் ஆடினான். உதைக்கிற ஆட்டம் அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம். அதில் அவன் கார்னர். எதிரணியில் பந்து வாங்க ஓடுகிறவனை மைதானத்தின் ஓரத்தில் நிழல்போலத் தொடர்ந்து, பந்து அவன் கைக்குப் போகாமல் தடுக்கிற வேலை. கல்லூரி முடிந்ததும் எந்த அணியும் கூப்பிடவில்லை. உதிரிபாகக் கிடங்கில் அட்டைப்பெட்டி தூக்கினான். இருபத்தேழாவது வயதில் டொலீடோ ஃப்ரைட்டர்ஸ் அணி நடத்திய திறந்த தேர்வுக்குப் போய், பயிற்சிப் பட்டியலில் இடம்பிடித்தான்.

பயிற்சிப் பட்டியல்காரர்கள் வாரமெல்லாம் மைதானத்துக்கு வந்து மோதி விழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பார்கள். அவர்களுடைய முக்கிய வேலை நடிப்பது. அந்த வாரம் எந்த அணியோடு ஆட்டமோ, அந்த அணி வீரனின் எண் போட்ட சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு அவனைப் போலவே ஆட வேண்டும். அப்போதுதான் நம் ஆட்கள் அவனை வெல்லப் பழகுவார்கள்.

நான்கு வருடம், வருடத்துக்கு இரண்டு வாரம், வெர்னல் மாட்டிக்கொண்ட சட்டை எண் இருபத்தொன்பது. ஒமாஹா அணியின் சில்ஸ்.

அந்த வாரங்களுக்காக அவன் சில்ஸின் ஆட்டப் படங்களைத் தேய்ந்துபோகும் அளவுக்குப் பார்த்தான். சில்ஸ் இடுப்பைத் திருப்பும் விதம், பின்னால் ஓடும்போதும் கண் முன்னாலேயே இருப்பது, தலையைச் சரித்து எதிராளியை ஏளனமாகப் பார்ப்பது எல்லாம் வெர்னலின் உடம்பில் ஏறியிருந்தன. ஒருவனை நேசிக்கிறவன்கூட அவனை இவ்வளவு கூர்ந்து பார்ப்பானா என்பது சந்தேகம். பொறாமைக்குப் பொறுமை அதிகம்.

இரண்டாம் வருடத்தில் அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஒரு ஆட்டம் பல சிறு சுற்றுகளாக நடக்கும். பந்தின்மீது பாய்ந்துவிடுவது என்று சில்ஸ் முடிவுசெய்த சுற்றுகளில், சுற்று தொடங்குவதற்குச் சற்று முன்பு, இடது உள்ளங்கையை ஒரே ஒரு தடவை தொடையில் துடைப்பான். பாயாமல் ஆளோடு ஓடப்போகிற சுற்றுகளில் துடைக்கமாட்டான். நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுகளில் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

வெர்னல் அதைக் கோச்சிடம் சொன்னான். "ஆளப் பாருடா, கையப் பாக்காத" என்று அவர் காபியோடு நகர்ந்துவிட்டார். பிறகு, பயிற்சி முடிந்தும் மைதானத்தில் தங்குகிற ப்ரைஸ் கேம்பலிடம் மட்டும் சொன்னான். ப்ரைஸ் பந்து வாங்க ஓடுகிறவன், நண்பன். "கை தொடைக்குப் போச்சுன்னா கிட்டவே நிக்கிற மாதிரி ஏமாத்து. அவன் முன்னாடி பாய்வான். நீ அவனத் தாண்டி ஓடிடு." அடுத்த ஆட்டத்தில் ப்ரைஸ் சில்ஸை இரண்டு முறை அப்படியே தாண்டி ஓடினான். மைதானம் அதிர்ந்தது. எப்படி என்று கேட்ட ஒலிவாங்கிகளிடம் ப்ரைஸ் "உள்ளுணர்வு" என்றான். இந்த வசந்தத்தில் லூயிவில் அணி அவனைத் தூக்கிக்கொண்டு போனது. குதிரை லாயத்தோடு வீடு வாங்கியிருக்கிறானாம்.

அக்டோபரில் சில்ஸை ஒமாஹா கழற்றிவிட்டது. தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தின் இடைவேளையில் சட்டையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத் தன் காரில் ஏறி வீட்டுக்குப் போனவன் அவன். அதற்கு முந்தைய வருடம் ஒரு வாகன நிறுத்தத்தில் காவலாளி ஒருவரைத் தள்ளிவிட்டு, அவருக்கு மணிக்கட்டு முறிந்து, வழக்கு சமாதானத்தில் முடிந்தது. ஐந்து வாரம் யாரும் அவனைத் தொடவில்லை. பிறகு ஃப்ரைட்டர்ஸின் முதல் கார்னருக்கு முழங்கால் போயிற்று. அந்த இடம்தான் வெர்னலுக்கு ஒரு நாளும் கொஞ்சமும் கிடைத்த இடம்.

புதன்கிழமை பயிற்சியில், சட்டை அறை நிர்வாகி கஸ் கையில் சிவப்புச் சட்டையோடு நின்றார். "ஏம்பா, ஒரிஜினலே வந்துருச்சு. இத நான் என்ன பண்றது? தரை துடைக்கவா?"

உடை மாற்றிக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள். "பெருசு, நாலு வருஷ உழைப்பு போச்சே!" என்றான் ஒருவன். "ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வைங்கப்பா, யாரு அசல்னு பாப்போம்" என்றான் இன்னொருவன்.

சில்ஸ் தலையைச் சரித்து வெர்னலைப் பார்த்தான். வெர்னல் பல நூறு முறை செய்து காட்டிய அதே சரிப்பு. "நீதான் நானா?" என்றான்.

"வாரத்துக்கு ஒரு ஆளு நான்" என்றான் வெர்னல்.

சில்ஸ் ஆடியதை நன்றாக ஆடினான் என்று சொல்ல வெர்னலுக்கு மனம் வரவில்லை. அவன் பின்னால் நகர்கையில் புல்லில் சத்தமே கேட்கவில்லை. வெர்னல் வருடக்கணக்கில் எண்ணியெண்ணிப் பழகிய காலடி, அந்தத் தடியனுக்கு யோசிக்காமலே வந்தது. நகலுக்கும் மூலத்துக்கும் நடுவே இருக்கும் அரை அடியை வெர்னலைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. அவன் வயிறு எரிந்ததே அந்த அரை அடிக்காகத்தான்.

ஏழாவது சுற்றில் சில்ஸின் இடது கை தொடைக்குப் போய் வந்தது. அந்தப் பழக்கம் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் லூயிவில்லோடு. எதிரே ஓடப்போகிறவன் ப்ரைஸ்.

வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும் என்பது வெர்னலுக்கு அங்கேயே, நின்ற இடத்திலேயே புரிந்தது. ப்ரைஸ் அவனைக் கிழித்துத் தொங்கவிடுவான். சில்ஸுக்கு எழுதிக் கொடுத்திருப்பது ஒரே வாரம். அவன் போனால் முதன்மைப் பட்டியலில் அந்த இடம் மறுபடி காலி. பொய் சொல்ல வேண்டாம், யாரையும் தள்ளிவிட வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

அன்று சாப்பிடும்போது அவன் காவலாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். "ஒரு மனுஷனோட கைய ஒடச்சவன் அவன். அவனக் கூட்டிட்டு வந்து நடு வீட்டுல உக்கார வைக்கிறாங்க. நியாயம்னு ஒண்ணு இல்லையா?"

ரெனீட்டா மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுப்பவள். முறிந்த மணிக்கட்டுகள் அவளுக்குப் புதிதல்ல. தட்டில் சாஸேஜை வெட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தக் காவலாளி பேரு என்ன?"

வெர்னல் தன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"பேரு தெரியாதா?"

"பேரு எதுக்கு இப்போ?"

"இல்ல வெர்ன், போன வருஷம் அது நடந்தப்ப நீ அந்த ஆளப் பத்தி ஒரு வார்த்த பேசல. சில்ஸ் அந்த வாரம் எப்படி நின்னான்னுதான் பேசின. இன்னிக்கு அவருக்காக சோறு எறங்கல உனக்கு."

அவனுக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது பொய்யாக இருந்தால் அவ்வளவு வந்திருக்காது. காவலாளிக்கு நேர்ந்தது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைத் தன் வயிற்றெரிச்சலுக்குப் போர்வையாக அவன் இரவல் வாங்கியிருந்தான்.

வியாழக்கிழமை மதியம் ப்ரைஸ் ஃபோன் செய்தான். ஏழு மாதத்தில் முதல் முறை.

"பெருசு! எப்படி இருக்க? ரெனீட்டா எப்படி இருக்கா? சில்ஸ் உங்ககிட்டயாமே!"

"ஆமா."

"இன்னும் தொடையத் தொடைக்கிறானா?"

வெர்னல் வண்டியின் கண்ணாடியை ஏற்றினான்.

"சரி சரி, சொல்ல வேணாம், நீ அந்தப் பக்கத்து ஆளு" என்று ப்ரைஸ் சிரித்தான். "ஆனா உனக்கும் நல்லதுதானடா. அவன் விழுந்தா நீ எழுந்துடுவ. நான் அன்னிக்கு அதக் கண்டுபிடிச்சப்ப நெனைக்கவே இல்ல, இது இத்தன வருஷம் சோறு போடும்னு."

"நீ கண்டுபிடிச்சப்ப" என்றான் வெர்னல்.

"ஞாபகம் இல்லையா? நாம ரெண்டு பேரும் மைதானத்துல இருந்தோமே. உங்கிட்டகூட சொன்னேனே!"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. சொல்லிச் சொல்லி, தான் கண்டுபிடித்ததாகவே அவன் நம்பிவிட்டான். வெர்னல் ஃபோனை வைத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். சில்ஸ் எடுத்துக்கொண்டது வெர்னலுக்குக் கிடைக்கவிருந்த ஒன்றை. ப்ரைஸ் எடுத்துக்கொண்டதோ அவனிடம் ஏற்கெனவே இருந்ததை, அவனிடம் இருந்த ஒரே பொருளை.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் கஸ்ஸிடம் போய் அந்தச் சிவப்புச் சட்டையைக் கேட்டு வாங்கினான். சில்ஸ் ஓரமாக உட்கார்ந்து காலணி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிஷம் பாரு" என்றான் வெர்னல். "நான்தான் நீ."

ஒரு சுற்று நின்று காட்டினான், ஆளோடு ஓடுவதுபோல. இன்னொன்று காட்டினான், பாய்வதுபோல. மறுபடி ஆள். மறுபடி பாய்ச்சல்.

ஐந்தாவது முறையில் சில்ஸின் முகத்திலிருந்த ஏளனம் போயிற்று. தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "எவ்வளவு நாளா?"

"எனக்குத் தெரிஞ்சு மூணு வருஷம்."

"ப்ரைஸுக்கு?"

"நான்தான் சொன்னேன்."

சில்ஸ் மெல்ல விசிலடித்தான். "எங்கம்மாகூட என்னை இவ்வளவு நேரம் பாத்ததில்லடா." பிறகு கண்ணைச் சுருக்கினான். "நீ சும்மா இருந்திருந்தா என் எடம் உனக்கு. எதுக்கு சொல்ற? என்னைப் பிடிச்சிருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அவன அதவிடப் பிடிக்கல."

சில்ஸ் மைதானமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெர்னல் வழக்கம்போல் வீட்டில் இருந்தான். மூன்றாம் பகுதியில் ப்ரைஸ் ஓரமாக வந்து நின்றான். எதிரே சில்ஸ். சில்ஸின் இடது கை தொடையில் ஒரு தடவை துடைத்தது. ப்ரைஸின் தோள் லேசாகத் தளர்வதைத் தொலைக்காட்சியிலேயே வெர்னலால் பார்க்க முடிந்தது. ப்ரைஸ் கிட்டவே நிற்பதுபோல் ஏமாற்றிவிட்டு நீளமாகப் பறந்தான். சில்ஸ் பாயவே இல்லை. அவன் ஏற்கெனவே அங்கே, வெகு பின்னால், பேருந்துக்குக் காத்திருப்பவனைப்போல நின்றிருந்தான். பந்து அவன் கையில் வந்து விழுந்தது.

ரெனீட்டா கத்தினாள். வெர்னல் கத்தவில்லை. ப்ரைஸின் முகம் திரையில் பெரிதாகும்வரை காத்திருந்த அவன் முகம், பெரிதானதும் கொஞ்சம் இளகியது.

ஆட்டம் முடிந்து சில்ஸின் வாயருகே ஒலிவாங்கி நீண்டது. இவனும் உள்ளுணர்வு என்றுதான் சொல்லப்போகிறான் என்று வெர்னல் சாய்ந்து உட்கார்ந்தான். அதற்கு அவன் தயாராகவே இருந்தான்.

"எங்க அணியில ஒரு பெருசு இருக்காரு" என்றான் சில்ஸ். "வெர்னல் பூத். என்னைவிட நல்லா என்னை ஆடுவாரு. இது அவரோடது."

ரெனீட்டா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் பேரச் சொல்லிட்டான்! ஊரே கேட்டுச்சு! ஏன் இப்படி உக்காந்திருக்க?"

"இவன் எதுக்கு நல்லவனா இருக்கணும்?" என்றான் வெர்னல்.

அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. நன்றிகெட்டவனை வெறுப்பது சுலபம், அதற்கு ஊரின் ஒப்புதலும் உண்டு. பேர் சொன்னவனை எப்படி வெறுப்பது? ஆனால் எரிச்சல் ஒரு துளியும் குறையவில்லை. இனி அதைப் போர்த்த ஒரு துணியும் இல்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சில்ஸுக்குப் பருவம் முடியும்வரை ஒப்பந்தம் எழுதினார்கள். கோச் டெலூக்கா வெர்னலைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"இதெல்லாம் எங்கிட்ட சொல்றதில்லையாடா?"

"சொன்னேன் கோச். மூணு வருஷத்துக்கு முன்னாடி."

"எப்போ?" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு.

புதன்கிழமை கஸ் புதிய சட்டையை நீட்டினார். எண் இருபத்து நான்கு, அடுத்த வாரத்து எதிரணிக் கார்னர். வெர்னல் மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினான். அவன் இடம் என்று ஒரு நாளும் கொஞ்சமும் இருந்த அந்த ஓரத்தில் சில்ஸ் கைகளை உதறிக்கொண்டு நின்றிருந்தான்.

"பெருசு, உனக்கும் ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"என்னது?"

"ஒருத்தனக் காட்டறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் கண்ண மூடற. ஒவ்வொரு தடவையும். உன்னை வெளியில அனுப்பிட்டு அவன உள்ள கூப்பிடற மாதிரி."

நான்கு வருடத்தில் யாரும் வெர்னலைப் பார்த்ததில்லை, அவன் அணிந்த எண்களைத்தான் பார்த்திருந்தார்கள். இப்போது ஒருவன் பார்த்ததற்காக அவன் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் முதலில் வந்த நினைப்பு வேறு: எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, இந்தப் பாவி ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

விசில் ஒலித்தது. வெர்னல் தன் இடத்தில் போய் நின்றான். சில்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். இந்தத் தடவை கண்ணைத் திறந்தே வைத்திருப்பது என்று முடிவுசெய்தான்.

கண் தானாக மூடிக்கொண்டது. ஓரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.