மாப்பிள்ளை விசாரிக்க வருவோர் கவனத்திற்கு

நிதி ஆலோசனை நிறுவனத்தில் வேலை என்றால், காசைக் குட்டி போட வைக்கும் வித்தை தெரிந்தவள் என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் என் சம்பளத்தில் பாதி, வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் தருகிறார்கள்.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். சேமிப்பு, காப்புறுதி, பிள்ளைகளின் படிப்பு என்று ஆலோசனை கேட்டு வருவார்கள். ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் அவர்கள் முதலில் எல்லாவற்றையும் எங்களிடம் கொட்ட வேண்டும். வருமானம், வருத்தம், காணிச் சண்டை, மருமகனுக்குத் தெரியாத நகை, எல்லாம். வங்கியிலும் நொத்தாரிசு அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கிறவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கலியாண வீட்டில் ஒரே சஹன் தட்டில் நம்மோடு சோறு தின்கிறவளின் முழுக் கதையும் நமக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி இறைச்சித் துண்டை அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சிரிக்க வேண்டும். இந்த வேலை என் சொந்தத் தங்கையின் கலியாணம்வரை வந்து நின்றது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கண்ணாடி அறை

வாடிக்கையாளர் கதைப்பது வெளியே கேட்கக் கூடாது என்று எங்கள் மெனேஜர் ஒரு கண்ணாடி அறை போட்டுத் தந்தார். அதில் முதலில் வந்து உட்கார்ந்தவர் சம்மாந்துறை வயல்காரர் ஒருவர். உழவு மெஷின் இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல். தன் காணிக் கணக்கைச் சொல்லத் தொடங்கியதும், வெளியே காத்திருந்தவர்கள் போனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். வேர்க்கிறது என்று அவர் திறந்தார். கொஞ்சம் மெதுவாகக் கதையுங்கள், உங்கள் விசயம் மற்றவர்களுக்குக் கேட்கிறது என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “மிஸ், எனக்கிட்ட என்ன இரிக்கிண்டு ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் இண்டைக்குத் தெரிய வந்திரிக்கி.”

கச்சான் சுருள்

பழைய தாள்களை அழிக்க ஒரு வெட்டு மெஷின் வேண்டும் என்று நான் மெனேஜரிடம் பல தடவை கேட்டிருந்தேன். அடுத்த மாதம் பார்ப்போம் என்பார். அந்த மாதம் வரவே இல்லை. தேவையில்லாத போட்டோக் கொப்பிகளை ஒரு பெட்டியில் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தோம். அலுமாரி நிறைந்து, பெட்டிகள் என் மேசைக்குக் கீழே வந்து, நான் காலை மடக்கிக்கொண்டு வேலை செய்தேன்.

ஒரு நாள் சாய்ந்தமருதிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். கடற்கரையில் கச்சான் கடலை வாங்கியிருக்கிறார். அதைச் சுற்றித் தந்த தாள் சுருளைப் பிரித்தால், யாரோ ஒருவருடைய சம்பளச் சான்றிதழ். அடையாள அட்டை இலக்கமும் கையொப்பமும் அப்படியே இருந்தன. எங்களுடையது அல்ல, வேறு எந்த அலுவலகத்துக் குப்பையோ. ஆனாலும் மெனேஜரின் முகம் கறுத்துவிட்டது. அந்தக் கிழமையே மெஷின் வந்து சேர்ந்தது. அந்தத் தாளைத்தான் அதற்குள் முதலில் விட்டோம். சுருளைக் கொண்டுவந்த மனிதர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “கச்சான் நல்லாத்தான் இருந்திச்சி. அந்த மனிசன்ட சம்பளத்தப் பார்த்தாப் பிறகு தொண்டைக்குள்ள இறங்கல்ல.”

கணவர் கேட்டார்

ஒரு மீனவர் வந்தார். கடலுக்குப் போகிறவர், வெயிலில் காய்ந்த முகம். தன் மனைவி எங்களிடம் ஏதோ சேமிப்புப் போடுகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு என்று தெரிய வேண்டும். அப்படி ஒருவர் எங்களிடம் வருகிறாரா, இல்லையா என்பதைக்கூடச் சொல்ல முடியாது என்றேன். “நான் அவட மாப்பிள்ள” என்றார். அது எனக்கு விளங்குகிறது என்றேன். மேசையில் தட்டினார், எழுந்தார், படிக்கட்டு அதிர இறங்கிப் போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணை என்ன செய்வாரோ என்ற பயம்தான்.

கொஞ்ச நாளில் திரும்பவும் படியேறி வந்தார். இந்த முறை சத்தமே இல்லை. தன் பெயரில் ஒரு திட்டம் தொடங்க வேண்டுமாம். எல்லாவற்றிலும் கையொப்பம் வைத்துவிட்டு, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்ப நான் இங்க வந்ததையும் அவட்டச் சொல்ல மாட்டீங்கதானே?”

ஹாஜியார் வந்தார்

எங்கள் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பேசினால், பெண் வீட்டார் அவரைப் பற்றி விசாரிக்காத இடம் இருக்காது. பள்ளிவாசலில், தேத்தண்ணிக் கடையில், வேலை செய்யும் இடத்தில் எல்லாம் கேட்பார்கள். குற்றம் சொல்ல முடியாது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டி வருகிறவர்கள், வருகிறவன் யாரென்று பார்க்கத்தானே வேண்டும்? இப்போது அந்த விசாரணை வரிசையில் எங்கள் அலுவலகமும் சேர்ந்திருக்கிறது.

இதில் ஒரு சங்கடம். விசாரிக்க வருகிறவரிடம் நாம் வாயைத் திறக்காவிட்டால், அதற்கு ‘என்னமோ இரிக்கி’ என்று அர்த்தம். நல்ல பொடியன் ஒருவனை நம் மௌனமே கெடுத்துவிடும். அதனால் மெனேஜர் ஒரு வாக்கியம் எழுதிச் சுவரில் மாட்டினார்: ‘எங்களிடம் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.’ யாரைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான்.

கல்முனைக்குடி வியாபாரி ஒருவர், ஹாஜியார், ஒரு மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டார். சுவரைக் காட்டினேன். அதெல்லாம் மற்ற ஆக்களுக்கு என்றார். சரி, நாளைக்கு ஒருவர் வந்து உங்கள் மகளின் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். என் நியாயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று நான் சந்தோசப்பட்ட நேரத்தில், மேசைக்கு மேலால் குனிந்து கேட்டார்: “என்ட மகளப் பத்தி ஆரு வந்து கேட்ட? பேரச் சொல்லுங்க.”

எங்கள் வீட்டு விசாரணை

என் தங்கை ரிஸ்னாவுக்குப் பொத்துவிலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெயர் அஸ்லம். உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றில் வேலை. தரகர் உம்மாவிடம் எல்லாப் புகழும் பாடிவிட்டுக் கடைசியில், “உங்கட மூத்த மகள்ட ஒபிசுக்குத்தான் அவரும் வந்து போற” என்று ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றிரவு உம்மா என் தட்டில் பெரிய மீன் துண்டாக வைத்தா. எதற்கு என்று விளங்கிவிட்டது. “எப்பிடி ஆள்?” என்றா. நான் சுவர் வாக்கியத்தைச் சொன்னேன். “நான் என்ன ரோட்டால போறவளா? கூடப் பிறந்தவள்ட வாழ்க்க இது!” என்று அழுதா. அடுத்த நாளிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. வாப்பாவும் பத்திரிகைக்குப் பின்னால் போய்விட்டார்.

மெனேஜரிடம் போய் விசயத்தைச் சொன்னேன். சொந்தக்காரர் விவகாரம் என்றால் எங்கள் விதி அதுதான். அஸ்லமின் கோப்பை வேறொருவரிடம் மாற்றி, என் கணினியில் அந்தப் பெயர் திறக்காதபடி செய்தார். ஆனால் முன்பு அவர் எனக்கெதிரே உட்கார்ந்து சொன்னதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறதே, அதை எப்படிப் பூட்டுவது? அது நல்லதா, கெட்டதா என்று உங்களுக்கும் நான் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தூக்கம் இல்லை. நான் வாய் திறந்தால், என்னை நம்பி வந்த ஒரு மனிதருக்குத் துரோகம். திறக்காவிட்டால், நாளைக்கு ரிஸ்னா கண்ணீரோடு என் முன்னால் நின்று ‘தெரிஞ்சிருந்தும் சொல்லல்லயே’ என்று கேட்டுவிட்டால்?

ரிஸ்னாவே ஒரு நாள் என் அறைக்கு வந்தாள். “ராத்தா, சொல்ல வேணாம். நான் என்ன செய்யட்டும்? அத மட்டும் சொல்லுங்க” என்றாள். அவருடைய விசயத்தைச் சொல்ல உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்தான், அவரிடமே கேள் என்றேன். சொல்லிவிட்டு நான்தான் அழுதேன்.

அஸ்லம் வீட்டாரோடு வந்தார். ரிஸ்னா வாப்பாவிடம் கேட்டு, முன் விறாந்தையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, ஆனால் காதுக்கு எட்டாத தூரத்தில் அவரோடு உட்கார்ந்தாள். அவள் என்னவோ கேட்டாள். அவர் திகைத்து உள்ளே என்னைப் பார்த்தார். பிறகு கதைக்கத் தொடங்கினார். தன் போனைத் திறந்து அவள் கையிலேயே கொடுத்தார். ரிஸ்னா பார்த்துக்கொண்டே போனாள், இடையிடையே கேட்டாள். இருவரின் தேத்தண்ணியும் ஆறி ஆடை படிந்துவிட்டது. எழுந்து உள்ளே வந்தவள், வாப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

போகும்போது அஸ்லம் வாசல் படலையில் என்னிடம் சொன்னார்: “நீங்க முதலே ஊட்டுல என்ட கதையச் சொல்லியிருப்பீங்க எண்டு நினைச்சித்தான் வந்த. ஒண்டும் சொல்லல்ல எண்டு அவ சொன்னா. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டையும் மறைக்க மனம் வரல்ல.”

உள்ளே உம்மா ரிஸ்னாவைப் பிடித்துக்கொண்டு நின்றா. என்ன சொன்னார், போனில் என்ன காட்டினார் என்று கேட்டா. ரிஸ்னா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அது அவர் என்னை நம்பிச் சொன்ன கதை உம்மா” என்றாள். உம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு கதிரையில் பொத்தென்று உட்கார்ந்து, அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கதைத்தா: “ரெண்டு பொம்புளப் புள்ளையப் பெத்திருந்தும், இந்த ஊட்டுல எனக்கு மட்டுந்தான் ஒண்டும் தெரியா.”

கலியாணம் முடிந்தது. ரிஸ்னாவின் குடித்தனம் எப்படிப் போகிறது என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு, மெனேஜர் சுவரில் மாட்டிய அந்த ஒரு வாக்கியம்தான் இன்றும் பதில்.