பனி விழாத ட்ரையல்

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், கோஸ், உருளைக்கிழங்குக்கு நடுவே உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவன் நான். தோட்டத்தில் நடுகிற சின்ன வெப்பமானி ஒன்றும், குளிர் உறைபனியை நெருங்கும்போது அலறுகிற செல்போன் செயலி ஒன்றும் செய்திருந்தேன். அலறியதும் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் செடி கருகாது. செய்ததில்கூட இவ்வளவு பாடில்லை. அதை எப்படி ஊருக்குக் கொடுப்பது என்பதில்தான் மண்டை காய்ந்தது. ஒரு மாதம் சும்மா ஓடி, பிறகு காசு கேட்கிற ட்ரையலா? நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று திறந்து வைக்கிற ஓப்பன் சோர்ஸா?

"ஓப்பன் சோர்ஸ்னா ஓசிதானே?" என்றாள் மனைவி. அதற்குமேல் என்ன பேச்சு, ட்ரையல்தான்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா உருளைக்கிழங்கு போட்டிருந்தார். பனி பட்டால் அந்தப் போகமே போச்சு. அவர் தோட்டத்தின் கீழ் ஓரத்தில் வெப்பமானியை நட்டுக் கொடுத்தேன். மாதம் முடிந்ததும் செயலி காசு கேட்டது. அக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, பனியே இன்னும் விழலியே, ட்ரையல் எப்படிங்க முடியும்? மருந்தடிக்கிற மிஷின் வாங்குனா, கடைக்காரரு நம்ம காட்டுல அடிச்சுக் காட்டிட்டுத்தானுங்க போவாரு!"

அட, ஆமாம்! காலண்டரைப் பார்த்து ஓடும் ட்ரையல்தான் எனக்குத் தெரியும். வானத்தைப் பார்த்து ஓடும் ட்ரையலை யார் கண்டது? முதல் பனி விழுந்த பிறகே நாள் எண்ணும்படி மாற்றினேன். அப்புறம் பனி எப்போது விழும் என்று தவியாய்த் தவித்தேன். வெட்கங்கெட்ட ஆசை, தெரியும்.

விழுந்தது. போன் அலறியது, அக்கா மோட்டாரும் போட்டார். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தோட்டத்தின் மேல் பாதி பச்சையாக நின்றது. கீழ்ப் பாதி கருகிக் கிடந்தது.

"தண்ணி வர்றதுக்குள்ள கீழ போயிருச்சுங்க" என்றார் அக்கா.

ஆனால் இந்த மூளை சும்மா இருக்குமா? குளிர் எந்த வழியாக வந்தது என்று பார்க்கச் சரிவில் இறங்கினேன். கீழே ஓடையோரத் தோட்டத்தில் பீன்ஸ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குளிர் முதலில் பள்ளத்தில் தேங்கி, பிறகுதான் மேலே ஏறியிருக்கிறது. இங்கே ஒரு வெப்பமானி இருந்து அக்காவின் போனுக்குச் சொல்லியிருந்தால், அவர் முன்னாலேயே எழுந்திருப்பார்.

"நீங்க ஏனுங்க அண்ணா வாங்கிக்கல?" என்று அந்தத் தோட்டக்காரரைக் கேட்டேன்.

"ட்ரையலுன்னீங்க. மொதல்ல சும்மா குடுத்துட்டு அப்புறம் புடுங்குவீங்கன்னுதான் தொடவே இல்லீங்க."

அன்றைக்கே செயலியில் காசு கேட்கிற பூட்டைக் கழற்றி நிரலைத் திறந்து வைத்தேன். ஒரு தோட்டத்துக் குளிரை அடுத்த தோட்டத்துப் போனுக்குச் சொல்லும்படியும் மாற்றினேன். மனைவி வீட்டுக் கணக்கு நோட்டை என் முன்னால் போட்டுவிட்டுப் போனாள்.

அக்காவிடம் சொல்லப் போனபோது அவர் கருகிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இனி யாருக்கும் காசில்லை என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப உங்க பொழப்புக்கு என்னங்க தம்பி பண்ணுவீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து நானும் ஒரு கருகிய செடியைப் பிடுங்கினேன்.