மூன்றாம் தண்ணிக்குப் பிறகு

பாம், பாம். ரப்பர் பந்தை அமுக்கினால் வருகிற அந்தக் கரகரத்த ஹோர்ன் சத்தம் எங்கே கேட்டாலும் இன்றைக்கும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நீர்வேலியில், எனக்கு நோய் தீர்ந்ததென்று ஊருக்கு அறிவித்தது அந்தச் சத்தந்தான். கொப்பளிப்பான் போட்டுக் கிடந்தேன். அம்மாள் வருத்தம் என்று அம்மா வாசல் படலையில் வேப்பிலை கட்டியிருந்தா. வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டில் மீன் சமைக்கமாட்டார்கள், அந்தப் படலையில் மீன்காரர் ஹோர்ன் அடிப்பதில்லை. தலையைக் குனிந்து மெல்லக் கடந்துபோவார். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட மூன்றாம் தண்ணியை என் தலையில் வார்த்த மறுநாள் அம்மா வேப்பிலையை அவிழ்த்தா. உடனே பாம், பாம்.

"கேட்டியே? இனி நீ சுகம்" என்றா அம்மா.

சுகந்தான். ஆனால் காய்ச்சல் போகும்போது, வீட்டுக்காரனின் சாமானையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிற வாடகைக்காரனைப்போல, என் பலத்தையும் கொண்டுபோயிருந்தது. கிணற்றில் ஒரு வாளி அள்ளிவிட்டுக் கட்டின்மேல் குந்தி மூச்சு வாங்குவேன். சட்டைக்கு மூன்று தெறி பூட்டியபின் நாலாவதற்கு முன் ஓர் இடைவேளை. புத்தகத்தில் ஒரே வரியை மூன்று தரம் வாசித்து, மூன்று தரமும் அதைப் புதிதாகச் சந்தித்தேன். குலை வெட்டிய வாழை மாதிரி நின்றேன்: இலை பச்சை, வேலை ஒன்றுமில்லை.

"மூண்டு தண்ணியும் வாத்தாச்சு, இன்னும் என்ன களைப்பு? பஞ்சி உனக்கு!" என்றா அம்மா.

பஞ்சியில் சோம்பிக் கிடக்க எனக்கும் ஆசைதான். விட்டால்தானே. எங்கள் ஊருக்கு நாலு மைல் தள்ளியிருந்த திருநெல்வேலியில் நான் கணிதம் படிப்பித்த டியூட்டரியின் பொறுப்பாளர் துண்டு எழுதி அனுப்பியிருந்தார்: திங்கட்கிழமை மூன்று மணி வகுப்புக்கு வராவிட்டால் வேறு ஆள். அந்த வகுப்பைத் தவிர எனக்கு வேறு வேலையில்லை. அது போனால் நான் ஆர் என்று எனக்கே தெரியாத வயது.

சண்டைக்காலம்: பஸ் இல்லை, பெற்றோல் இல்லை, சைக்கிள்தான். சோளகக் காற்று நேர் எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. வழியில் கோப்பாய் வரை பெடலை உழக்கினேன். அங்கே ஒரு பூவரசின் கீழ் சைக்கிளைச் சாத்திவிட்டு இருந்தேன். இருந்தபின் எழும்புவது எப்படியென்று மறந்துபோனது.

மீன் விற்று முடித்து வெறும் பெட்டியோடு குருநகர் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் மீன்காரர் பிரேக் பிடித்தார். என் வயதுதான் இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை.

"என்ன மாஸ்ரர், பூவரசுக்குக் கணக்குப் படிப்பிக்கிறியளோ?"

"களைச்சுப்போனன்."

"நான் உங்கடை படலையிலை ஹோர்ன் அடிச்சனானெல்லே?"

"அடிச்சனீங்கள். என்ரை உடம்புக்குக் கேக்கேல்லை."

அவர் சிரித்த சிரிப்பில் பெட்டி கலகலத்தது. "எனக்குப் போன வருசம் வந்தது. சுகமாகி மூண்டு மாசம் உந்தப் பெட்டியைத் தூக்கேலாமல் கிடந்தனான். நடிக்கிறியளெண்டு மனிசி பேச்சு."

உலகத்தில் இன்னொரு பஞ்சிக்காரன் இருந்தான் என்று அறிந்ததிலேயே பாதிக் களைப்பு இறங்கியது.

"ஏறுங்கோ. உழக்கவேண்டாம், ஹாண்டிலை மட்டும் பிடியுங்கோ."

பக்கத்தில் தன் சைக்கிளை ஓட்டியபடி, இடது கையை என் முதுகில் வைத்துத் தள்ளினார். செம்மண் தோட்டங்களும் வேலிகளும் தாங்களாகவே பின்னால் ஓடின. என் கால்கள் சும்மா இருக்க நான் மட்டும் முன்னே போனேன்.

வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின்வாங்கில் ஒரு குரல்: "சேர், மீன் மணக்குது!" வெள்ளைச் சட்டையின் முதுகில் ஐந்து விரலும் செதிலும் பதிந்திருந்தனவாம். சிரிப்பு அடங்கியபின் ஒரு சமன்பாட்டைத் தொடங்கினேன். பாதியில் தலை வெறும் பெட்டியானது. சமக்குறி போட்டாயிற்று, எதற்குச் சமம்? கதிரையில் இருந்துகொண்டு, "மிச்சத்தை நீங்கள் வந்து செய்யுங்கோ" என்றேன். ஒருத்தி வந்து எழுதினாள், மற்றவன் ஓடிவந்து அழித்தான், மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் திட்டினான். ஒரு மணித்தியாலம் கணக்கு சந்தை மாதிரி நடந்தது. விடை சரியாக வந்தது.

வாசலில் பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், நான் விழுகிறேனா என்று பார்க்க நின்ற மீன்காரர். அவருடைய பெட்டியைச் சுற்றி இரண்டு பூனைகள்.

"உந்த வகுப்பு இப்பிடி வாய் திறந்து நான் கேட்டதில்லை" என்றார் பொறுப்பாளர். "நாளைக்கும் வருவீரோ? உவர் ஆர்?"

"என்ரை எஞ்சின்."

எஞ்சின் முன்னுக்கு வந்தது. "நான் கொண்டந்து இறக்குவன், ஐயா. வெள்ளிக்கிழமை மட்டும் ஏலாது."

"ஏன், உமக்குக் கோயிலோ?"

"எனக்கில்லை, நீர்வேலிக்கு. வெள்ளியிலை அங்கை ஒருதரும் மீன் தின்னாயினம். நான் அந்தப் பக்கமே வாறேல்லை."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார், பூனைகளைப் பார்த்தார், பிறகு நேரசூசி எழுதிய பலகையருகே போய் வெள்ளியை விரலால் அழித்துச் சனி என்று எழுதினார். வேலை என்னிடமே நின்றது.

மீன்காரர் சைக்கிளைத் திருப்பினார். "இனிக் காத்து உங்கடை முதுகுக்கு, அது கொண்டுபோய் விடும். நாளைக்கு நான் வருமட்டும் உழக்க வெளிக்கிட்டிடாதேங்கோ, மாஸ்ரர். வாறன்."