பாதி மருந்து, இரட்டை நேரம்

என் அக்காவைக் கட்டிய மச்சானை ஆஸ்பத்திரியில் பால்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்து ஸ்கேன் அறைக்குப் பக்கத்தில் வாளி அளவுக்கு ஓர் ஈய டப்பா இருக்கிறது. தினமும் காலையில் உப்புத் தண்ணீர் விட்டு அதிலிருந்து கதிர்மருந்தைக் கறப்பது அவர் வேலை. அதை ஊசியில் போட்டால் எலும்பில் நோய் இருக்கிற இடம் படத்தில் தெரியும். மூன்று நாளுக்குள் கறவை பாதியாகிவிடும். வாங்கி அடுக்கிவைக்க அது சோப்புக்கட்டி அல்ல. வாரம் ஒரு டப்பா விமானத்தில் வர வேண்டும்.

அதைச் செய்கிற அணு உலை கடல் தாண்டி இருக்கிறது. மச்சானைவிட வயசு கூடியது. இன்னொரு உலையிலும் சொல்லிவைக்கலாம் என்று நாலு வருஷமாக எழுதிக் கொடுத்தார். ஒரு வீட்டுக்கு எதற்கு ரெண்டு பால்காரன் என்று ஆஸ்பத்திரி மேலாளர் சிரித்தாராம். சொன்னது மேலாளரின் டிரைவர். அவர் சொன்னால் பாதியாவது நிஜம். போன மாதம் பழுது என்று உலையை மூடியதும் மேலாளர் அலறியடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆனாலும் புது இடத்து டப்பா வர மூன்று வாரம்.

இருந்த மருந்து நாலு பேருக்குத்தான். அவசரமென்று காத்திருந்தவர்கள் எட்டுப் பேர். எட்டாவது அக்கா. மார்பில் கட்டி எடுத்து இரண்டு வருஷம்; இப்போது இடுப்பில் வலி. நோய் எலும்புக்கு இறங்கிவிட்டதா என்று தெரிந்தாக வேண்டும். மகளை முதலில் விடச் சொல்லி எங்கள் அம்மா கண்ணைக் கசக்கினாள். மச்சான் பட்டியலைத் தொடவில்லை. எட்டுப் பேருக்கும் பாதிப் பாதி மருந்து போட்டார். மருந்து குறைந்தால் படுக்கிற நேரம் கூடும். அரைமணிக்குப் பதில் ஒரு மணி, அசையாமல்.

மெஷினுக்கடியில் அக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று. துணைக்கு உட்கார்ந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. மேலாளரை அவர் மனைவி வீட்டில் கூப்பிடுவதாக டிரைவர் சொன்ன செல்லப்பெயரை மெல்லச் சொன்னேன். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். படத்தில் இடுப்பு ஒன்றுக்கு இரண்டாக விழுந்தது.

மறுபடி போட ஊசி இல்லை. மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உடம்புல இருக்கறது இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். இப்ப ஒன்றரை மணி நேரம் படுக்கணும். முடியுமா?"

"இவனை வெளியே அனுப்புங்க, முடியும்."

"இங்கேயே இருக்கட்டும். வாயை மூடிக்கிட்டு உட்காரட்டும். இதைவிடப் பெரிய தண்டனை அவனுக்கு ஏது?"

உட்கார்ந்தேன். என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பில் நோய் இல்லை, வெறும் தேய்மானம் என்றார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டாள். மச்சான் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நெடுநேரம் வெளியே வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்று, வந்தவர்களையெல்லாம் மாடிக் கழிவறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.